அத்தான் பெயரில் ஒரு தலை

அணஞ்சபெருமாள் என்று கூப்பிட்டால் எழுந்து போக வேண்டும், வெயிலுமுத்து என்று கூப்பிட்டால் ஊமையும் செவிடுமாக உட்கார்ந்திருக்க வேண்டும், இவ்வளவுதானே, இதற்குப் போய் உள்ளங்கை இப்படி வேர்ப்பானேன் என்று வெயிலுமுத்து தன்னையே கேட்டுக்கொண்டு, அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், பழைய நோயாளிகளின் கோப்புகளை அடுக்கி வைத்திருக்கிற அறைக்கு எதிரே, ஓட்டை ஓட்டையாகப் போட்ட இரும்பு நாற்காலியில் பாதி உட்கார்ந்தும் பாதி எழுந்தும் இருந்தார். நாற்காலி இரும்பு. ஜன்னல் கம்பி இரும்பு. உள்ளே வரிசையாக நிற்கிற அலமாரிகள் இரும்பு. முந்தாநாள் வரைக்கும் இந்த உலகத்தில் இவ்வளவு இரும்பு கிடையாது, ஸ்கேன் எடுக்கிறவன் வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் முளைத்தது. "தலைக்குள்ள கிளிப்பு இருக்குங்கீய. என்ன கிளிப்புன்னு தெரியலங்கீய. ஆபரேஷன் பண்ணின பேப்பர் இல்லாம நான் உங்கள உள்ள விட முடியாது அண்ணாச்சி. உள்ள இருக்கது காந்தம். டைட்டானியம்னா கவலையில்ல. அந்தக் காலத்து இரும்புன்னு வையுங்க, திரும்பிரும்." திரும்பிரும். அவன் கையை வேறு, சாவியைத் திருப்புகிற மாதிரி, ஒரு திருப்புத் திருப்பிக் காட்டினான். அந்தக் கையை மட்டும் அவன் காட்டாமல் இருந்திருக்கலாம். அன்று முதல் வீட்டில் பீரோவைப் பூட்டினாலும் பக்கத்து வீட்டுக்காரன் வண்டியைக் கிளப்பினாலும் வெயிலுமுத்துவின் வலது நெற்றிக்குள் என்னவோ ஒன்று புரண்டு படுக்கிறது. ஸ்கேன் எடுக்காமலும் இருக்க முடியாது. கண் டாக்டர் டார்ச்சை அணைத்துவிட்டு, பழைய இடத்துக்குப் பக்கத்துலயே புதுசா ஒண்ணு வீங்கிட்டு வருதோன்னு சந்தேகமா இருக்கு, பாத்தாத்தான் தெரியும், தள்ளிப்போடாதீங்க என்று சொல்லி, அந்தத் தள்ளிப்போடாதீங்கவை இரண்டு தடவை சொல்லியிருந்தார்.

அது தெரியவந்ததே வாழைத்தாரால்தான். மண்டியில் ஏலம் கூறுகிற தொண்டை வெயிலுமுத்துவுக்கு. அவர் ஏத்தன் தார் ஒன்றைத் தூக்கிவைத்து ஒருதரம் என்று சொன்னால் ஆற்றுக்கு அக்கரையில் மேய்கிற எருமை தலையைத் தூக்கி, வாங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும். அப்பேர்ப்பட்டவர் ஒரு காலையில் ஒற்றைத் தாரை வைத்துக்கொண்டு ஜோடித் தார், ஜோடித் தார் என்று கூறினார். வியாபாரிகள் சிரித்தார்கள், என்ன அண்ணாச்சி, காலையிலயே தண்ணியா என்றார்கள். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே பார்த்தால் சிரிக்கிறவர்களும் இரண்டிரண்டாக நின்று சிரிக்கிறார்கள். இடது கண்ணை மூடினால் எல்லாம் ஒழுங்காக ஒன்றாகிறது, திறந்தால் பெருகுகிறது. இப்போதும் எதிரே கவுன்டரில் உட்கார்ந்திருக்கிற ஜெபசீலி என்கிற அம்மாள், சட்டையில் பேர் குத்தியிருக்கிறது, ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும், ஆனால் இரண்டு பேராக உட்கார்ந்து இரண்டு கம்ப்யூட்டரை முறைத்துக்கொண்டிருக்கிறாள். நாலு கண்ணுக்குப் பொய் சொல்வது இரண்டு கண்ணுக்குச் சொல்வதைவிடக் கடினம். பொய் என்றாலும் இது என்ன, புதுப் பொய்யா? இதே கட்டிடத்தில், இதே சுண்ணாம்பு நாற்றத்தில், இவர்கள் எல்லாரும் சேர்ந்து சொன்ன பழைய பொய்யின் வால்தானே. பல வருஷத்துக்கு முன்னால் மண்டியில் தலையைப் பிடித்துக்கொண்டு விழுந்த வெயிலுமுத்துவை அள்ளிப்போட்டு இங்கே கொண்டுவந்தபோது, மூளைக்குள் ரத்தக்குழாய் ஒன்று பலூன் மாதிரி ஊதியிருக்கிறது, திறந்து கிளிப் போட்டு இறுக்க வேண்டும் என்றார்கள். அத்தான், அக்காவைக் கட்டிய அணஞ்சபெருமாள், ஒரு வார்த்தை பேசாமல் தன் சட்டைப் பையிலிருந்து ஆலையில் கொடுத்த இன்சூரன்ஸ் அட்டையை எடுத்து மேஜையில் வைத்தார். அந்தக் காலத்து அட்டையில் போட்டோ கிடையாது. "எம் பேருல படுத்துக்க மாப்ள, பேருதான, தேய்ஞ்சா போயிரும்" என்று காதுக்குள் சொன்னார்.

படுத்தது என்ன பெரிய விஷயம், அதற்கப்புறம்தான் கூத்து. வெயிலுமுத்து அணஞ்சபெருமாள் ஆனார். அணஞ்சபெருமாள் வெயிலுமுத்து ஆகி வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். அக்கா முப்புடாதி, நோயாளியின் மனைவி என்கிற இடத்தில் கோணல் கோணலாகக் கையெழுத்துப் போட்டாள். வெயிலுமுத்துவின் சொந்தப் பெண்டாட்டி சண்முகக்கனி, மச்சினன் பெண்டாட்டி என்று சொல்லிக்கொண்டு ஓரமாக நின்று அழுதாள், மச்சினன் பெண்டாட்டி இவ்வளவு அழுவாளா என்று ஒரு நர்ஸ் கேட்டதற்கு, ரொம்பப் பாசமான மச்சினன் பெண்டாட்டி என்று அக்கா சமாளித்தாள். நர்ஸ் அணஞ்சபெருமாள் என்று கூப்பிடுகிற போதெல்லாம் வெளியே பெஞ்சில் இருக்கிற அத்தான் பழக்க தோஷத்தில் என்னம்மா என்று எழுந்துவிடுவார், அக்கா வேட்டியைப் பிடித்து இழுத்து உட்காரவைப்பாள். ஒருநாள் இழுத்த வேகத்தில் வேட்டியே கையோடு வந்துவிட்டது என்று வெயிலுமுத்து பிற்பாடு மண்டியில் சொன்னதில் வேட்டி மட்டும்தான் பொய். பிழைத்து எழுந்த பிறகு அந்தத் தலையை வைத்து அவர் அளக்காத கதை இல்லை. கிளிப்பு மழைநாளில் கொழும்பு ரேடியோவைப் பிடிக்கும் என்றார். இடி இடிப்பதற்கு முந்தின நாளே மணி அடிக்கும் என்றார். வலது காதுக்கு மேலிருந்து நெற்றி வரைக்கும் ஓடுகிற தழும்பின்மேல் முன்னைவிட அடர்த்தியாக முடி முளைத்து மூடிக்கொண்டதால், யாராவது காட்டு பார்ப்போம் என்றால், எங்க அத்தானுக்கு முளைக்க வேண்டியதெல்லாம் பேரோடு சேர்ந்து எனக்கு வந்துட்டு என்பார். அத்தான் சிரிப்பார். அத்தானுக்குத் தலையில் ஒரு முடி கிடையாது. ஆற்றில் முங்கி எழுந்தால் கூழாங்கல் என்று நினைத்துக் காக்கை வந்து அலகைத் தீட்டும் என்று வெயிலுமுத்து சொல்லி, அதற்கும் அத்தானே முதலில் சிரிப்பார். எதற்கும் முதலில் சிரிக்கிற மனிதர். அந்த மனிதர். அந்த மனிதரைப் பற்றி இப்போது நினைக்கக் கூடாது. வேறு எதையாவது நினைக்கலாம். கூரையில் ஒழுகின கறை ஒன்று இருக்கிறது, வாழையிலை மாதிரி, இல்லை, இரண்டு வாழையிலை மாதிரி.

"அணஞ்சபெருமாள்." வெயிலுமுத்து எழுந்திருக்கவில்லை. தலையைத் திருப்பிப் படிக்கட்டைப் பார்த்தார். அத்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, என்னம்மா என்று இறங்கி வருவார் என்று ஒரு மூச்சு நேரம் நிஜமாகவே காத்திருந்தார். யாரும் வரவில்லை. "அணஞ்சபெருமாள் யாருய்யா, நீங்கதான?" என்று ஜெபசீலி இன்னொரு தடவை கூப்பிட்ட பிறகுதான் தன் காலே தனக்கு ஞாபகம் வந்தது. கவுன்டருக்குப் போய் இடது கண்ணை மூடி அவளை ஒருத்தியாக்கிக்கொண்டார். அவள் திரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், இன்னொரு தரம் திரையைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள், பக்கத்தில் நிற்கிறவர்களுக்குக் கேட்கக் கூடாது என்கிற மாதிரி. "அய்யா, இவரு இறந்துட்டாருன்னு வருதே." "யாரு?" "நீங்கதான். அணஞ்சபெருமாள்." "அது வேற அணஞ்சபெருமாளா இருக்கும்மா. எங்க ஊர்ல தெருவுக்கு ஒருத்தன் உண்டு. சாமி பேரு பாத்தியளா." "நம்பர் ஒண்ணுதான்யா. நீங்க குடுத்த அட்டை நம்பர். இந்த ஆஸ்பத்திரியிலதான் இறந்திருக்காரு. ஆதார் இருக்கா?" "வீட்டுல இருக்கு." சட்டைப் பைக்குள் சொந்தப் பெயரோடும் சொந்த மூஞ்சியோடும் இருந்த ஆதார் அட்டை, இஸ்திரிப் பெட்டி மாதிரி நெஞ்சில் சுட்டது. ஏதாவது கதை வர வேண்டுமே, எத்தனை கதை, கொழும்பு ரேடியோவைப் பிடித்த தலை, இப்போது ஒரு மண்ணையும் பிடிக்கவில்லை. செத்தவர்களில் சில பேர் திரும்பி வருவது உண்டு என்று சொல்லலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது. "நெசமாச் சொல்லுங்கய்யா. நீங்க அவருக்கு என்ன வேணும்?" "மச்சினன்" என்று வாய் சொல்லிவிட்டது. "சம்சாரம் கூடப் பொறந்தவன்." அவள் கோபப்படுவாள் என்று பார்த்தார். அவள் பேனாவை மூடினாள். "அப்ப வாரிசுதான் வந்து கையெழுத்துப் போடணும். சம்சாரம் இருக்காகளா? அவுகள வரச் சொல்லுங்க. பைலை எடுத்து வச்சிருக்கேன். அவுக இல்லாம ஒரு தாள்கூடக் குடுக்க முடியாது."

அக்கா. அக்காவிடம் போகாமல் இருப்பதற்காகத்தானே இத்தனை வேஷம். இறந்துபோனவர் பெயரில் வந்து நிற்கிற அளவுக்குப் புத்தி கெட்டது எதனால், அக்கா வீட்டுப் படியேறி, அக்கா, அந்த ஆபரேஷன் பேப்பருக்கு நீ ஒரு கையெழுத்துப் போடணும் என்று கேட்க நாக்கு எழாததால்தானே. சண்டை எதுவும் இல்லை. பொங்கலுக்கு அவள் வீட்டுப் படிக்கு இவர் கரும்பு கொண்டுபோய்ச் சாத்துவார், ஆடி அமாவாசைக்கு இவர் வீட்டில் அவள் சாப்பிடுவாள், மீன் குழம்பில் உப்புக் கூடினால் ரெண்டு பேரும் சேர்ந்து சண்முகக்கனியைக் கரித்துக்கொட்டுவார்கள். பேசாத பேச்சு ஒன்றே ஒன்றுதான், அதுவும் பாதி. அத்தான் டீக்கடை வாசலில் பேச்சு குழறி விழுந்த அன்றைக்கு வெயிலுமுத்து வெளியூரில் தோப்பு பார்க்கப் போயிருந்தார். அடித்துப் பிடித்து வந்து சேர்ந்தபோது அக்கா இதே ஆஸ்பத்திரியில் மாடியில் தாழ்வாரத்தில் நின்றாள். அவளுடைய தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. இவரைப் பார்த்ததும், "தலைல கிளிப்பு இருக்கான்னு கேட்டாகல" என்றாள். அவ்வளவுதான். அடுத்த வார்த்தைக்கு வாயைத் திறந்தாள், ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது, கதவு திறந்து மூடியது, யாரோ கையைப் பிடித்து அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். மறுநாள் விடியும்போது அத்தான் இல்லை. கிளிப்பு இருக்கான்னு கேட்டாகல. கேட்டார்கள், சரி. கம்ப்யூட்டரில் அணஞ்சபெருமாள் என்று தட்டியிருப்பார்கள், இந்தப் பேருக்கு மூளையில் கிளிப் போட்டிருக்கிறது என்று வந்திருக்கும், காந்தத்துக்குள் தள்ளலாமா என்று பயந்து கேட்டிருப்பார்கள். அத்தானால் பேச முடியாது. அக்காவைத்தான் கேட்டிருப்பார்கள். நீ என்ன சொன்னாய் அக்கா? இல்லை என்று சொன்னால், அப்படியானால் அன்றைக்குப் படுத்தது யார் என்று வரும், தம்பியைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போகும். ஆமா என்று சொன்னால், ஸ்கேன் கிடையாது, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்காமலே, தம்பிக்காக, தாலி கட்டினவனை. ஒருதரம். இல்லை, அக்கா அப்படிச் சொல்லியிருக்க மாட்டாள். சொல்லியிருக்க மாட்டாள் என்றால் ஏன் இத்தனை வருஷமும் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை? ரெண்டுதரம். சொல்லியிருப்பாள், அவள் சுபாவம் அது, சின்ன வயசில் இவர் உடைத்த பானைக்கெல்லாம் அடி வாங்கினவள் அவள்தானே. வெயிலுமுத்துவுக்கு இந்த ஏலம் எப்போதும் ரெண்டுதரத்தோடு நிற்கும். மூணாம்தரம் சொன்னால் சரக்கு வீடு வந்து சேர்ந்துவிடும் என்கிற பயத்தில், திரும்பவும் ஒருதரத்தில் இருந்து ஆரம்பிப்பார். பல்லுத் தேய்க்கும்போது, தார் அடுக்கும்போது, அக்கா வீட்டுக் கரும்பைக் கடித்துத் துப்பும்போது. என் பேரு தேய்ஞ்சா போயிரும் என்று சொன்ன மனிதரை அந்தப் பேரே கொன்றுவிட்டதா. இந்தக் கிளிப்பு ஒரே இடத்தில் இருந்துகொண்டு இரண்டு தலையைத் திருகிவிட்டதா.

செல்போனில் அக்காவின் பேர் இரண்டாகத் தெரிந்தது. எந்தப் பேரை அமுக்கினாலும் ஒரே அக்காதான் எடுப்பாள். எடுத்தாள். "என்னல, இந்நேரத்துல. மண்டிக்குப் போகலியா?" "ஆஸ்பத்திரில இருக்கேன்." "யாருக்கு என்ன?" "எனக்குத்தான். ஒண்ணுமில்ல. பழைய பேப்பரு வேணுமாம்." "எந்த ஆஸ்பத்திரில?" சொன்னார். அந்தப் பக்கம் ஒரு மிக்ஸி ஓடி நின்றது, அக்கா வீட்டு மிக்ஸியா பக்கத்து வீட்டு மிக்ஸியா தெரியவில்லை. "கண்ணு ரெண்டு ரெண்டாத் தெரியுதுன்னு சண்முகக்கனி சொன்னா. அதுக்கா?" "ம்." "எங்கிட்ட ஏன்ல சொல்லல?" "சொல்லலாம்னுதான்." "அங்கனயே இரு. அசையாத. வாரேன்." போன் நின்ற பிறகும் வெயிலுமுத்து அதைக் காதில் வைத்துக்கொண்டிருந்தார். அசையாதே என்றால் எப்படி அசையாமல் இருப்பது, உள்ளே இருக்கிறதுக்கும் சேர்த்தல்லவா சொல்ல வேண்டும். கோப்பு அறைக்குள் யாரோ இரும்பு அலமாரியை இழுத்தார்கள், கிரீச்சென்ற சத்தத்தில் வலது நெற்றி தன்னால் சுருங்கியது. எழுந்து ஓடிவிடலாம். ஸ்கேனும் வேண்டாம், பேப்பரும் வேண்டாம், ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு மிச்ச நாளை ஓட்டிவிடலாம், ஊரில் ஒற்றைக் கண்ணன் இல்லையா. ஆனால் அந்தத் தள்ளிப்போடாதீங்க. பலூன் ஊதிக்கொண்டே போனால் ஒருநாள் ஏலத்தின் நடுவில், ரெண்டுதரத்துக்கும் மூணுதரத்துக்கும் இடையில், டப். அதற்கு முன்னால் அக்காவிடம் கேட்டுவிட வேண்டும். கேட்டால் என்ன வரும். ஆமா சொன்னேன்ல, உனக்காகத்தான் சொன்னேன் என்று அவள் சொல்லிவிட்டால், அதற்கப்புறம் இந்தத் தலையை எந்த முகத்தோடு தூக்கிக்கொண்டு அலைவது. கேட்காமலே செத்துப்போகலாமா. கேட்காமல் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொள்ளலாமா. வாங்கிக்கொள்ளலாம், வெறும் கையெழுத்து, அக்கா, இந்த இடத்தில், ஆமா, அதேதான், மனைவி என்கிற இடத்தில். அவள் கை நடுங்குகிறதா என்று மட்டும் பார்க்கலாம். இல்லை, அதையும் பார்க்காமல் கூரைக் கறையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

படிக்கட்டில் இரண்டு அக்காக்கள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முழங்கால் வலியோடு இறங்கி வந்தார்கள். கண்ணை மூடி ஒருத்தியாக்கினார். அவள் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். "ஆட்டோக்காரன் குலுக்குன குலுக்குல குடலு நெஞ்சுக்கு வந்துட்டு. பேப்பரு எங்க?" வெயிலுமுத்து கவுன்டரைக் காட்டத்தான் கையைத் தூக்கினார். வாய்தான் வேறு பக்கம் போனது. "அன்னைக்கு நீ என்னக்கா சொன்ன?" "என்னைக்கு?" "கிளிப்பு இருக்கான்னு கேட்டாகன்னியே. மாடியில. அதுக்கு நீ என்ன சொன்ன?" அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள். வெயிலுமுத்துவின் காதுக்குள் அவர் குரலே எருமை கேட்கிற ஏலக் குரலில் ரெண்டுதரம், ரெண்டுதரம் என்று கூவிக்கொண்டிருந்தது. "அதுவா" என்றாள் அக்கா. "நான் எங்கல சொன்னேன். நான் வாயத் தொறக்கதுக்கு முந்தி அந்த நர்சம்மா உங்க அத்தான் தலைய ஒரு மட்டம் பாத்தா. பாத்துட்டு, டாக்டர், இவருக்கு மண்டையத் தொறந்திருந்தா தழும்பு எங்கன்னு கேட்டுட்டா. வெங்கலச் செம்பு கணக்கா இருந்த மண்டைல. ஒரு கோடு உண்டா, ஒரு கீறல் உண்டா. எங்கல ஒளிச்சு வைக்க முடியும்? அப்புறம் நானே உள்ளதச் சொல்லிட்டேன். படுத்தது எந் தம்பி, இவரு இல்லன்னு. அந்த அவசரத்துல அத யாரும் எழுதிக்கிடல. மிசினுக்குள்ள வச்சுப் பாத்தாக. பாத்துட்டு, ரொம்ப ரத்தம் கசிஞ்சிட்டு, இனி கையில இல்லன்னாக." அவள் முந்தானை நுனியை மடித்தாள். "நர்சம்மா கேட்டதும் எனக்கு அந்த நேரத்துலயும் சிரிப்பு வந்துட்டு. அதச் சொல்லத்தான் உங்கிட்ட வாயத் தொறந்தேன். அவரு இருந்தா அவருதான மொதல்ல சிரிச்சிருப்பாரு." வெயிலுமுத்து கூரைக் கறையைப் பார்த்தார். காக்கை அலகு தீட்டுகிற கூழாங்கல். அந்த மொட்டையை வைத்து எத்தனை கதை கட்டியிருக்கிறார், எத்தனை சபையில். அந்த மொட்டை ஒரு தடவைகூட இந்த நினைப்புக்குள் தலையைக் காட்டவில்லையே. "இத ஏன்க்கா எங்கிட்ட சொல்லல? இத்தன வருசமா?" "நீ எங்கல கேட்ட" என்றாள் அக்கா.

ஜெபசீலி கோப்பை விரித்து வைத்திருந்தாள். அக்கா, அன்றைக்குப் படுத்தது தம்பிதான் என்று அவளிடம் சொல்லிவிட்டு, பழைய கையெழுத்துக்குக் கீழே அதே கோணலில் புதுக் கையெழுத்தைப் போட்டாள், கை நடுங்கவில்லை, வெயிலுமுத்து பார்த்தார். "சரிம்மா. ஆனா இந்த ஆபரேஷன் நடந்தது இவருக்குத்தான்னு நான் எதவச்சு நம்பட்டும்? நீங்க நாளைக்கு வேற ஒருத்தரக் கூட்டிட்டு வந்து இவரும் தம்பின்னா?" என்றாள் ஜெபசீலி. "ஏட்டி, இங்க வா" என்று அக்கா ஜெபசீலியைக் கூப்பிட்டு, "குனில" என்றாள் தம்பியிடம். வெயிலுமுத்து கவுன்டர்மேல் தலையைக் குனிந்தார். அக்காவின் விரல் வலது காதுக்கு மேலே முடியைப் பிளந்துகொண்டு, இருட்டில் பழகின வீட்டில் நடப்பதுபோல், தழும்பின்மேல் நெற்றி வரைக்கும் நடந்தது. ஜெபசீலி நாற்காலியை விட்டு எழுந்து எட்டிப் பார்த்தாள். கோப்பில் டாக்டர் வெட்டின கோட்டை வரைந்து வைத்திருந்த படத்தைப் பார்த்தாள். "உள்ளத உள்ளபடி ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. உங்க சொந்தப் பேருல. மேல டாக்டர்ட்ட வைப்பேன், அவரு என்ன சொல்லுவாருன்னு தெரியாது, கூப்பிட்டா வரணும். நகல் இப்ப தாரேன், உசிரு விசயம்" என்றாள். வெயிலுமுத்து எழுதினார். வெ, யி, லு. சொந்தப் பேர் எழுதுவதற்கு இவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அவருக்குத் தெரியாது. நகல் எடுக்கிற மெஷினில் மூடிக்கு அடியில் வெளிச்சம் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நகர்ந்து போனது, திரும்பி வந்தது, அவர் நெற்றி சுருங்கவில்லை. ஜெபசீலி சூடான தாளைக் கொண்டுவந்து, கிளிப்பு வந்த பாக்கெட்டின் லேபிளை டாக்டர் ஒட்டி வைத்திருந்த இடத்தை விரலால் காட்டினாள். "டைட்டானியம்னுதான் போட்டிருக்கு. மிச்சம் ஸ்கேன் டாக்டர்தான் பாத்துச் சொல்லணும்." அக்கா இன்னும் விரலை எடுக்கவில்லை. "கொழும்பு ரேடியோ இப்பவும் கேக்குதால?" என்று கேட்டாள். வெயிலுமுத்து பதில் சொல்ல நிமிர்ந்தார். இரண்டு அக்காக்கள் நின்றார்கள். இரண்டு பேரும் அவர் முடியைக் கோதிக் கொடுத்தார்கள். அவர் கண்ணை மூடவில்லை.